உங்க வீட்டில் யாருக்கு எதைக் கண்டால் பயம்?

ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சின்னு சொன்னாங்க. உடனே எங்க வகுப்புல நாலு குரூப்பு எரிமலை செய்யக் கிளம்பிடுச்சு. எங்க ஊர்ல ரெண்டடி தோண்டினா உப்புத்தண்ணி வரும், இதுங்களுக்கு எரிமலை கேக்குது! எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. "நாம வேற இன்னாவாவது பண்ணுவோம்டி"ன்னு என் சிநேகிதிகிட்ட சொன்னேன். அவ பசியாவரத்துக்காரி. தினம் ஏரியில தோணி ஏறி பள்ளிக்கூடத்துக்கு வர்றவ. நான் இக்கரையில கோட்டைக்குப்பம்.

பொன்னேரி பஸ்ஸுல வர்ற சயின்ஸ் டீச்சர்தான் வழி காட்டினாங்க. "ஜனங்களுக்கு எதைக் கண்டா பயம்னு ஒரு சர்வே எடுங்களேன். ஆனா ரெண்டு கரையிலயும் கேக்கணும். அக்கரை விட்டுப்போச்சுன்னா மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்ப மாட்டேன்."

அக்கரைன்னதும் நான் சிநேகிதி முதுகுக்குப் பின்னால ஒதுங்கிட்டேன். ஏன்னா எனக்குத் தோணின்னா பயம். எங்க நைனா கடலுக்குப் போறவரு, சொந்தமா ஒரு பைபர் போட்டு, அதான் கண்ணாடியிழைப் படகு, வெச்சிருக்காரு. அவரு பொண்ணு நான். போட்டு ஒரு ஆட்டம் ஆடினா போதும், எறங்கி ஓடிடலாம்னு இருக்கும். இது வெளிய தெரிஞ்சா குப்பமே வயித்தைப் புடிச்சிக்கினு சிரிக்கும். அதனால யாருக்கும் தெரியாம மூடி மூடி வெச்சிருந்தேன். சிநேகிதி ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டா அன்னிக்கு எனக்கு ஜுரம். பொங்கலுக்குக் கூப்பிட்டா வயித்து வலி. அதிர்ஷ்டமும் என் பக்கம்தான் இருந்துச்சு. வீட்ல எல்லாரும் போட்டுல எங்கயாவது கிளம்பும்போது நைனாவே, "இப்பதான் தார் பூசிருக்கேன், பாவாடை பாழாப்பூடும், நீ இங்கியே இரு"ம்பாரு. நானும் மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினு, உள்ளுக்குள்ள ஆடிப்பாடுவேன்.

பள்ளிக்கூடக் குழாயடியில உக்காந்து கேள்வி எழுதினோம். பாம்பு, பேய், இடி, ஊசி, கணக்கு வாத்தியார்னு பட்டியல் நீண்டுச்சு. நான் மாமியார்னு எழுதினேன், அவ அதைக் கோடு போட்டு அடிச்சா. நான் திரும்பவும் எழுதினேன். அதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு. அப்பால நான் மெதுவா, "உங்க பக்கம் நீ கேளு, எங்க பக்கம் நான் கேக்கறேன்"னு ஆரம்பிச்சேன். அவ முகம் சுருங்கிடுச்சு. "இதுக்குக் கூட எங்க ஊருக்கு வர மாட்டியா?"ன்னா. பாக்கலாம், பாக்கலாம்னு மழுப்பினேன்.

வேலை செய்யற எடத்துலயே கேட்டுப் பாருங்கன்னு டீச்சர் சொல்லிருந்தாங்க. அதனால விடிஞ்சும் விடியாம நான் மட்டும் கடற்கரைக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாமா ஆளுங்களோட போட்டைத் தள்ளிக்கினு இருந்தாரு. நான் பேப்பரை நீட்டிப் புடிச்சு, நியூஸ் வாசிக்கற மாதிரி கணீர்னு படிச்சேன். "கடலில் உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? அ, புயல். ஆ, சுழி. இ, படகு கவிழ்வது."

தள்ளிக்கினு இருந்த அத்தினி கையும் நின்னுபோச்சு. கடலுக்கு இறங்கற ஆளை 'எங்க போறே'ன்னு கூடக் கேக்கக்கூடாத ஊரு எங்க ஊரு. இது எனக்குத் தெரியாதா? பால்குடி வயசுலயே தெரியும். ஆனா கையில பேப்பர் வந்ததும் புத்தி எங்கயோ மேயப் போயிடுச்சு. மாமா துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "இன்னிக்கு வேலைக்கு ஆவாது"ன்னுட்டு வீட்டைப் பாக்க நடந்தாரு. ஆளுங்களும் பின்னாலயே போயிட்டாங்க. நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சேதி அம்மா காதுக்குப் போயிருந்துச்சு. "கவுறதுன்னு வாயால சொன்னியாமே, பாவி!"ன்னு துடைப்பத்தை எடுத்துட்டாங்க. எனக்கு மானமே போச்சு.

சாயங்காலம் சிநேகிதியைத் துணைக்கு இழுத்துக்கினு மாமா வீட்டுக்கு மன்னிப்பு கேக்கப் போனேன். மாமா உள்ளேர்ந்தே, "எனக்கு எதுக்கும் பயம் கிடையாது, எழுதிக்கோ"ன்னு கத்தினாரு. அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "யாருக்கு? இந்த ஆளுக்கா? கரப்பான்பூச்சி பறந்தா கட்டில்மேல ஏறி நின்னுக்கினு என்னையக் கூப்புடுவாரு!" உடனே மாமா வெளிய வந்தாரு. "இவளுக்கு மட்டும் இன்னாவாம்? இடி இடிச்சா என் சட்டைக்குள்ள பூந்துக்குவா. அதையும் எழுது!"

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கினோம். தன் பயத்தை ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அடுத்தவங்க பயம்னா போட்டி போட்டுக்கினு சொல்றாங்க! இருந்த கேள்வி எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு ஒரே கேள்வி எழுதினோம்: 'உங்க வீட்டில் யாருக்கு எதைக் கண்டால் பயம்?' காலையில கரையில கேக்கறதில்ல, கடல்லேர்ந்து திரும்பி வலைய சீர்பண்ண உக்காந்தப்புறம்தான். பேர் எழுத வேணாம், சீட்டுல எழுதி மடிச்சு டப்பாவுல போட்டா போதும்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "ஆனா அவங்கவங்க தெருவுல அவங்கவங்க கேக்காதீங்க, தெரிஞ்ச முகம்னா மறைப்பாங்க. ஊரை மாத்திக்கோங்க"ன்னுட்டாங்க. போச்சுடா! சனிக்கிழமை நான் பசியாவரம் போயே ஆவணும். எந்த ஜுரத்தை வரவழைக்கறதுன்னு மண்டைய ஒடைச்சிக்கினேன்.

வெள்ளிக்கிழமைக்குள்ள அவ எங்க தெருவை முடிச்சுட்டா. மதியம் குழாயடியில டப்பாவைத் தொறந்து ஒவ்வொண்ணா சத்தமா படிச்சா. அம்மாவுக்குப் பல்லி. தம்பிக்கு நாய். தாத்தாவுக்கு ஊசி. சிரிச்சு சிரிச்சு எங்களுக்கு விக்கல் வந்துடுச்சு. அப்பால ஒண்ணு எடுத்தா.

"எங்க பொண்ணுக்குத் தோணின்னா பயம். சொல்லிக்க மாட்டா. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. பாவம், வெக்கப்படும். எத்தினி வாட்டிதான் தார் பூசிருக்குன்னு சொல்றது?"

"யாருடி இது, உங்க தெருவுல?"ன்னு அவ கெக்கெக்கேன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. தார் பூசறது மரத்தோணிக்கு. எங்களது பைபர் போட்டு. பைபருக்கு எவனாச்சும் தார் பூசுவானா? இத்தினி வருஷமா எனக்கு இது தோணவே இல்ல பாருங்க, நான்லாம் மாவட்டத்துக்குப் போய் சயின்ஸ் பேசப் போறேனாம்!

சும்மா இருந்துட்டா அவளுக்குத் தெரியவே போறதில்ல. இருந்தும் வாய்விட்டுச் சொல்லிட்டேன். "நான்தாண்டி."

அவ சிரிப்பு நின்னுடுச்சு. சீட்டை மடிச்சு என் கையில வெச்சா. "அதான் எங்க வீட்டுக்கு வரலியா? எங்க வீடு உனக்குப் புடிக்கலன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்"னா. அவ கண்ணு கலங்கிப்போச்சு. எனக்கு என்மேலயே அப்படி ஒரு கோவம் வந்துச்சு.

சனிக்கிழமை காலையில நைனா ஏரிக்கரையில போட்டைக் கழுவிக்கினு இருந்தாரு. கிட்டப் போய் நின்னேன்.

"நைனா, தார் காஞ்சிடுச்சா?"

நிமிந்து பாத்தாரு. "காஞ்சிடுச்சு, ஏறு"ன்னு கையை நீட்டினாரு.

பசியாவரம் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன். நைனா அந்தப் பக்கம் திரும்பி, எங்கயோ பறக்கற நாரையை ரொம்ப அக்கறையா பாத்துக்கினு வந்தாரு. கரையில சிநேகிதியும் அவ அம்மாவும் சொம்புத் தண்ணியோட நின்னாங்க. முகத்தைக் கழுவிக்கினு டப்பாவைத் தொறந்து, அன்னிக்கு மொத சீட்டை நானே எழுதிப் போட்டேன்: 'எங்க நைனாவுக்கு, பொண்ணு நாலு பேர் எதிர்ல தலைகுனிஞ்சுடுவாளோன்னுதான் பயம்.'