வெளிச்சவீட்டுக் கொலையின் கடைசிப் பகுதி

என் அத்தான் இந்திரகுமாருக்கு ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் தெரிய வேண்டியிருந்தது. வெளிச்சவீட்டுக் காவலாளியைக் கொன்றது யார்? இருபது வருடமாக அந்த மனிதர் அதோடு மாரடித்தார். அவரைக் கட்டிய பாவத்துக்கு என் அக்கா உதயகுமாரியும், அவளுடைய தம்பியாய்ப் பிறந்த பாவத்துக்கு நானும் சேர்ந்து மாரடித்தோம்.

எண்பதுகளில் நோர்வேக்குப் படிக்க வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். தங்கியிருந்த வீட்டுக்காரியின் மாமன் ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறித் திரும்பி வந்தவராம். அவர் கொண்டுவந்த பெட்டியொன்று பரணில் கிடந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பெடியன் என்று வீட்டுக்காரி அதை இவர் தலையில் கட்டிவிட்டாள்.

பெட்டிக்குள் பழைய அமெரிக்கச் சித்திரக்கதை மாத இதழ்கள். உலகப்போருக்கு முந்திய காலத்துச் சரக்கு. ஒவ்வோர் இதழிலும் எல்லாம் கலந்து இருக்கும். முதலில் சிரிப்புக்கதை, நடுவில் கடற்கொள்ளைக்காரனோடு சண்டை, கடைசியில் துப்பறியும் தொடர். அந்தத் தொடர்தான் வெளிச்சவீட்டுக் கொலை. கடலோரக் கலங்கரை விளக்கத்தின் காவலாளி செத்துக் கிடக்கிறார். துப்பறிபவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, “கொலைகாரன் இந்த அறைக்குள்தான் நிற்கிறான்” என்கிறார். வைத்தியர், சமையல்காரன், கப்பல் தலைவன் மூவரும் முழிக்கிறார்கள். மிச்சம் அடுத்த இதழில். அடுத்த இதழ் பெட்டியில் இல்லை.

ஓர் இதழில் மட்டும் துப்பறிபவருக்கு விடுமுறை. அதில் சிரிப்புக்கதை இரட்டிப்பு நீளம். நகரத் தலைவரின் விருந்துக்குள் ஓர் ஆடு புகுந்து, அவருடைய பேச்சு எழுதிய தாள் முதல் காற்சட்டை வரை தின்றுவிடும். வெயிலே எட்டிப் பார்க்காத அந்த முதல் மாரிக்குளிரில் தன்னைச் சிரிக்கவைத்த ஒரே சீவன் அந்த ஆடுதான் என்பார் அத்தான். எங்களுக்கும் அதை நடித்துக் காட்டுவார். காட்டத் தொடங்கினால் காற்சட்டைக்கு வருமுன்னமே தானே சிரித்துக் கண்ணைத் துடைப்பார்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டினார், கலியாணம் கட்டினார், அந்த நகரத்தின் ட்வெய்ட்டாப் பகுதியில் மாடிவீடு வாங்கினார். கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இரண்டாயிரத்து ஆறில்தான் இணையத்தில் ஓர் ஆளைப் பிடித்தார். ஹால்வார் என்ற ஓய்வுபெற்ற நோர்வேக்காரர், இதே ஒஸ்லோவில் இருந்துகொண்டு பழைய இதழ்கள் சேர்ப்பவர். அந்தக் கடைசி இதழ் அவரிடம் இருந்தது. துப்பறியும் தொடர் வந்த இதழ்களில் சிலதைத் தந்தால் அதைத் தருவதாகச் சொன்னார். அத்தான் ஒரு கிழமையாகத் தரையில் நடக்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்தக் கிழமை அத்தானுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அக்கா ஒரு பரிசு நீட்டினாள். மண்ணிறத் தாள் உறை போட்டு, நூலால் தைத்து, மாப்பசை ஒட்டிய தடித்த புத்தகம்.

“பிரிச்சுப் பாருங்கோவன்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அத்தான் பிரித்தார். வெளிச்சவீட்டுக் கொலை, முதல் பகுதியிலிருந்து வரிசையாக.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வெட்டி எடுத்துப் புத்தகமாய்க் கட்டி வைப்பது வழக்கம். அக்கா அதில் கெட்டிக்காரி. அதே கைவேலையை இந்த இதழ்களிலும் காட்டியிருந்தாள்.

“மிச்சத் தாளெல்லாம் எங்கையப்பா?” என்றார் அத்தான்.

“பழைய பேப்பரோடை போட்டிட்டன். உங்களுக்கு இந்தக் கதைதானே வேணும்? கடைசிப் பகுதி வந்தால் ஒட்டுறதுக்குப் பின்னாலை வெறும் தாள் அடிக்கட்டையும் விட்டிருக்கிறன், பாருங்கோ.”

சில தாள்களின் பின்பக்கத்தில் கடற்கொள்ளைக்காரன் ஓங்கிய கத்தியோடு நின்றான். வெட்டினானா இல்லையா என்று இனி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் கத்தியிருந்தால் ஆறியிருக்கும். ஆடு இருந்த இதழில் துப்பறிபவர் இல்லாததால் அக்கா அதைத் தொடவில்லை. அத்தான் அதை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“செல்வம், வா போவம்” என்றார்.

ஹால்வார் வீட்டில் இதழ்கள் சுவரெல்லாம் நின்றன. ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள், நாலு பக்கமும் ஒட்டி. அக்கா கட்டிய புத்தகத்தைக் காட்டினோம். மனிதர் செத்தவீட்டுக்கு வந்தவர்போல் தலை குனிந்துகொண்டார்.

“கொன்றது யார் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று அத்தான் நோர்வேஜிய மொழியில் கெஞ்சினார்.

“தெரியாதே. நான் வாசிக்கவில்லை. கட்டோடு வாங்கினேன், அட்டையைப் பார்த்தேன், அன்றைக்கே ஒட்டிவிட்டேன். திறந்தால் காற்றுப் பட்டுவிடும்.”

ஒருத்தி வாசிக்கவென்று வெட்டுகிறாள், ஒருவன் வாசிக்காமலே ஒட்டுகிறான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் அத்தான்! எனக்கு அந்தச் சுவரையே இடித்துத் தள்ளலாம்போல் இருந்தது. ஹால்வாரின் கண் அத்தானின் பைக்குள் போனது. “அது முழுதாக இருக்கிறதா?” என்றார்.

“அத்தான், வேண்டாம். அதைக் குடுக்காதேங்கோ” என்றேன்.

“இவ்வளவு காலம் காத்திருந்தனான், செல்வம்.”

ஆட்டைக் கொடுத்தார்.

வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, கடைசி இதழின் உறையைத் திருப்புளியால் பிளந்தோம். அக்கா புத்தகத்தையும் பசையையும் கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். கட்டும்போது தானும் வாசித்துவிட்டாளாம். கொன்றது வைத்தியர்தான் என்று அடித்துச் சொன்னாள். அத்தான் தாள்களை மெல்லப் புரட்டினார். சிரிப்புக்கதை வந்தது. சிரிப்புக்கதை வந்தது. அதற்குப் பிறகு பின் அட்டை வந்தது.

இரண்டுக்கும் நடுவில் தாள்கள் இல்லை. அத்தான் மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். அக்கா குனிந்து அந்த இடத்தை விரலால் தடவினாள்.

“இது கிழிஞ்சதில்லையப்பா” என்றாள் மெதுவாக. “வெட்டினது. தையலுக்கு இடம் விட்டு வடிவா வெட்டியிருக்கு. ஆரோ கட்டி வைச்சிருக்கினம்.”

உள்ளதும் போச்சு. உலகப்போர் தொடங்குமுன் அமெரிக்காவில் எங்கேயோ ஒரு வீட்டில் என் அக்காவைப் போல ஒருத்தி கத்தரிக்கோலோடு இருந்திருக்கிறாள். அவள் வீட்டில் எல்லாருக்கும் கொலைகாரனைத் தெரிந்திருக்கும்.

“திருப்பிக் குடுத்து ஆட்டை வாங்குவம்” என்றேன்.

“உறையை உடைச்சாச்சு, செல்வம். இனி ஆர் வாங்குவினம்?” என்றார் அத்தான். அக்கா பசைக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். தண்ணீர் கனநேரம் ஓடியது.

அந்தப் புத்தகம் இப்போதும் அவர்கள் வரவேற்பறையில் இருக்கிறது. கடைசியில் அக்கா விட்ட அடிக்கட்டைகள் வெறுமையாக நிற்கின்றன. கொலையைப் பற்றி அத்தான் பேச்செடுப்பதில்லை. ஆட்டுக் கதையை மட்டும், நாங்கள் கேட்டால் சொல்லுவார். காற்சட்டை வரைக்கும் ஒன்றும் விடாமல் சொல்லுவார். சிரிக்கமாட்டார்.