பிரேக்காரர் மலை இறங்கிய கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் பத்திரத்தோடு சரி, ஊரில் எல்லோருக்கும் அவர் பிரேக்காரர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதினோரு வயதில் யாரோ ஒருவர் பட்டறையில் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவ உட்கார்ந்தார். முப்பது வயதில் அந்தப் பட்டறையையே விலை பேசி வாங்கினார். யார் கையையும் பிடித்து மேலே வந்தவர் இல்லை. எந்த வண்டியானாலும் பெடலை ஒரு மிதி மிதித்தால் போதும், எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர் கம்ப்யூட்டரைச் சொருகி அரை மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்.

பட்டறையில் அவர் வைத்ததுதான் சட்டம். பிரேக் ஆயில் ஊற்றுவதென்றால் சீல் உடைக்காத பாட்டில். அதையும் வண்டிக்காரர் கண்ணெதிரே உடைக்க வேண்டும். திறந்து வைத்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும், சூடேறினால் கொதித்துக் குமிழி விடும், அப்புறம் மிதித்தாலும் வண்டி நிற்காது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். அப்படி உடைத்த பாட்டில்களின் அடியில் மீந்ததெல்லாம் எங்கே போனது என்றால், அவருடைய சொந்தக் காருக்குள். "நம்ம வண்டிக்கு என்ன வந்துடப் போவுது? அதான் நான் இருக்கேன்ல" என்பார். சமவெளியில் ஆறு வருஷம் ஒன்றும் வந்துவிடவில்லை.

அவருக்கு நாற்பது வயதானபோது மனைவியையும் நாலு வயது மகளையும் மனைவியின் தம்பியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். மகளை வீட்டில் சிட்டு என்பார்கள். மச்சினன் தையல்காரன், வாயும் கத்தரி மாதிரிதான். மூன்று நாள் குளிரில் சுற்றிவிட்டு நாலாம் நாள் காலையில் இறங்கத் தொடங்கினார்கள். கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் பிரேக்காரருக்கு இளக்காரம். அவர் பெரிய கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, தண்ணீர் வழிகிற மாதிரி இறக்கினார்.

"மாமா, எதிர்ல வந்த பஸ்காரன் நம்மளப் பாத்துக் கும்புடு போட்டுட்டுப் போறான். கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்றான் முன்சீட்டில் இருந்த மச்சினன்.

"உன் தையல் மிஷின் வேகத்துல போனா வீடு போய்ச் சேர அடுத்த வருஷம் ஆயிடும், மாப்ளே."

சிட்டு பின்னாலிருந்து எழுந்து இரண்டு சீட்டுக்கும் நடுவே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா, வாந்தி வருது. வண்டிய நிறுத்துப்பா."

"இதோ கண்ணு" என்று பிரேக்கை மிதித்தார். பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் கால் உள்ளே போயிற்று. இன்னொரு மிதி. கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது மிதியில் பெடல் தரையைத் தொட்டது. வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை.

"நிறுத்துப்பா."

பிரேக்காரர் காரில் பிரேக் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கியரை மூன்றுக்குத் தள்ளினார். எஞ்சின் அலறியது. ஒரு வளைவை டயர் கிறீச்சிடத் தாண்டினார். அடுத்ததில் மேலேறி வந்த லாரியின் பக்கக் கண்ணாடி இவர்கள் கண்ணாடியைத் தட்டிப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"என்னங்க இது, புள்ள கத்துறது காதுல விழலையா?" என்றாள் மனைவி.

சிட்டுவின் தாடை அவர் தோளில் இருந்தது. வண்டி எதிலாவது மோதினால் முதலில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போவது அவள்தான். அது மண்டையில் உறைத்ததும் பெயராவது மண்ணாவது என்றாகிவிட்டது.

"பிரேக் போயிடுச்சு" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "புள்ளயப் பின்னாடி இழு. மடியில போட்டு மேல கவுந்துக்கோ. மாப்ளே, ஹேண்ட் பிரேக்கப் புடி. பட்டனை அமுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழு. ஒரேடியா இழுத்தா வண்டி சுத்திடும்."

மச்சினன் பட்டனை அமுக்கினான். நூல் கோக்கிற கைதான். அன்றும் அளவு தப்பாமல் இழுத்தது. பின்னால் சிட்டு வீறிட்டாள். அவர் இரண்டாவது கியருக்குள் வண்டியைத் திணித்து, ஹார்னை அழுத்தியபடியே இன்னும் இரண்டு வளைவுகளைச் சுற்றினார். பாறை ஓரமாகச் சாலை வேலைக்குக் கொட்டிய ஜல்லிக் குவியல் தெரிந்தது. ஸ்டியரிங்கை அதன் பக்கம் ஒடித்தார். கார் குவியலுக்குள் முட்டி, முன்சக்கரம் புதைய, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது.

சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம் அடித்தது. கதவைத் திறந்து சிட்டுவை இறக்கினார்கள். ஜல்லி மேலே வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைக்கக்கூட விடாமல் கேட்டாள்:

"நான் சொன்னப்பவே ஏன் நிறுத்தல?"

"பிரேக் இல்ல கண்ணு."

"ஏன் இல்ல?"

மனைவியும் மச்சினனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அப்பா பழைய ஆயில ஊத்திட்டேன். பட்டறையில மிச்சமானத" என்றார்.

"ஊருக்கெல்லாம் புது பாட்டிலு, நம்ம புள்ளைக்கு மட்டும் மிச்சமா?" மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மலை இறங்கிய ஒரு பஸ்ஸை மச்சினன் கைகாட்டி நிறுத்தி அதில் கீழே போய், மதியத்துக்குள் சீல் உடைக்காத பாட்டில் இரண்டு வாங்கி வந்தான். சாலை வேலைக்காரர்கள் காரைக் குவியலிலிருந்து தள்ளிவிட்டார்கள். மனைவி பெடலை மிதிக்க, அவர் காருக்கடியில் படுத்துச் சக்கரம் சக்கரமாகப் பழைய ஆயிலை வெளியேற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்து, புதியதை ஏற்றினார். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற வேலை. அன்றைக்கு ஸ்பானர் நட்டில் உட்கார மறுத்தது.

மீதி மலையை முதல் கியரில் இறங்கினார். சைக்கிளில் போனவன்கூட முந்திக்கொண்டு போனான்.

மலையடிவாரம் தாண்டிச் சமமான சாலைக்கு வந்த பிறகும் நூறடிக்கு ஒரு தரம் வண்டி குலுங்கிக்கொண்டே போயிற்று.

"ரோடுதான் காலியா கிடக்கே. எதுக்குங்க மிதிச்சு மிதிச்சுப் பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

"இருக்கான்னு பாக்குறேன்."

"பாருங்க" என்று சொல்லிவிட்டு, தூங்கிப்போன சிட்டுவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.