கூட்டிச் சொல்பவர்

மைக்கைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வெந்நீரை ஒரு மடக்கு வாயில் ஊற்றி, அண்ணாந்து கொப்பளித்து, ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். கீழே வலை பிரிக்கிறவர்கள் ஜன்னல் கதவு கிறீச்சிட்டதுமே நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். "சார் வாயக் கழுவிட்டாரு, இனிமே காத்து வரும்டா" என்பான் ஒருவன்.

படகுத்துறை அலுவலகத்து மாடியில் அவருடைய அறை. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் போட்டால் மூச்சு முட்டுகிற பொந்து. நாற்காலியின் பிரம்பு அறுந்து எத்தனையோ காலமாகிறது. யாரோ கழித்துப்போட்ட ஒரு உயிர்காப்பு அங்கியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கரையில் அந்த மாதிரி அங்கியைத் தினமும் பயன்படுத்துகிற ஒரே ஆள் அவர்தான்.

வேலை இதுதான்: வானிலை ஆபீசிலிருந்து ஆழ்கடல் நிலவரம் ஒரு தாளாக வரும். காற்று எந்தத் திசை, மணிக்கு எத்தனை நாட், அதாவது கடல்மைல், வேகம், அலை எத்தனை அடி, எந்தப் பக்கம் இடிமழை. அதை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். அவ்வளவே. படகைப் போகாதே என்று நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. தடை போட மேலிடத்து உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு பெரும்பாலும் காற்று வந்து, அடித்து, ஓய்ந்த பிறகு வரும்.

வாசித்து வாசித்துத் தொண்டை தேய்ந்துவிட்டது. வீட்டில் பேச்சே கிடையாது. உப்பு வேண்டுமென்றால் விரலால் காட்டுவார். "ஊருக்கெல்லாம் காத்து மழைன்னு கத்துற வாயி, எனக்குன்னா மட்டும் தாழ்ப்பாள் போட்டுக்கும்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்வார். அது காதில் விழுந்தால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு செருப்பை மாட்டுவார்.

இத்தனை வருஷம் கடலைப் பற்றியே பேசியவர், கடலுக்குப் போனதில்லை. போக முடியாது. கரையில் கட்டிப்போட்ட படகில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும். ஒருமுறை புதுப் படகுக்குப் பூசை போட்டபோது மரியாதைக்காக ஏறி, கொடுத்த இனிப்பை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து சட்டைப்பையில் மடித்த பிளாஸ்டிக் பை ஒன்று எப்போதும் இருக்கும், பஸ்ஸில் போனாலும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. தாளில் இருபது நாட் என்று இருந்தால் இருபத்தைந்து என்று வாசிப்பார். எட்டடி அலை பத்தடியாகும். ஏன் என்று ஒரு நாள் டீக்கடையில் மடக்கிக் கேட்டார்கள். "கூட்டிச் சொன்னா என்னடா? ரெண்டு பேரு பயந்து வீட்ல கெடப்பான், என்னை நாலு திட்டு திட்டுவான். திட்டிட்டுப் போறான். ஆளு இருக்கான்ல?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது: கூட்டல் சார்.

படகுக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? அவர் கூட்டினால் இவர்கள் கழித்தார்கள். முப்பதா, அப்படியென்றால் இருபத்தைந்து, எடுடா வலையை. அவர் கூட்ட, இவர்கள் கழிக்க, கடைசியில் தாளில் இருந்த காற்றுதான் எல்லார் தலைக்குள்ளும் வீசியது. யாருக்கும் நஷ்டமில்லை. வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மகளையும் ஒரு படகு டிரைவருக்குத்தான் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை கெட்டிக்காரர், அடுத்தவர் பேச்சுக்கு அடங்காதவர். மற்ற படகுக்காரனை "போடா" என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளையைச் சொல்ல முடியுமா? "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

போன வாரம் ஒரு காலை. கடல் தாம்பாளத்தில் ஊற்றின எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கொடிக்கம்பத்தில் துணி தொங்கியது. பத்துப் பன்னிரண்டு படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் படகும் அதில் ஒன்று. ஆழ்கடலுக்குள் போய், நாட்கணக்கில் தங்கி மீன் பிடித்து வருகிற படகுகள் அவை.

தாள் வந்தது. எங்கோ நடுக்கடலில் புயல் ஒன்று புரண்டுகொண்டிருக்கிறது. கரையில் ஒன்றும் தெரியாது. உள்ளே போகிற படகுகள் இரண்டாம் நாள் அதன் வாயில் போய் விழும். முப்பத்தைந்து நாட், பதினான்கு அடி அலை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். வெந்நீர் ஆறிப்போனது. முப்பத்தைந்து என்று உள்ளதைச் சொன்னால் முப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். முப்பதில் போய் வந்தவர்கள் இங்கே நிறைய. வழக்கம்போல நாற்பது என்றால், இவ்வளவு அமைதியான கடலைப் பார்த்துக்கொண்டு இன்னும் கூடக் கழிப்பார்கள். அன்றைக்கு அவர் கொப்பளிக்கவில்லை. பொத்தானை அமுக்கி, "காற்று நாற்பத்தைந்து நாட்" என்றார்.

கீழே சிரிப்பு வெடித்தது. "என்ன சார், வீட்ல சண்டையா?" என்று ஒருவன் கத்தினான். "நாப்பத்தஞ்சாம்டா! கொடித்துணிகிட்ட யாராச்சும் போய்ச் சொல்லுங்கடா, அதுக்கு விஷயமே தெரியல!"

நிஜத்தையே சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தார் மனுஷன். அங்கேதான் சறுக்கியது. இரண்டாவது வாசிப்பில், "காற்று முப்பத்தைந்து நாட். கேளுங்கப்பா, தாள்ல இருக்கறதைத்தான் சொல்றேன்" என்றார்.

"அட, பத்து கொறைச்சுட்டாரு! பேரம் படிஞ்சுடுச்சுடா!"

"இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லு, இருபதுக்கு வந்துடும்!"

ஐஸ் பெட்டிகள் முன்னைவிட வேகமாகக் கைமாறின. அவர் கீழே இறங்கி அதிகாரியின் மேசைமுன் தாளை நீட்டினார். அதிகாரி பாதி படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "மேல கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

"பதில் வர்றதுக்குள்ள படகு போயிடும் சார்."

"நான் என்ன பண்ணட்டும்? கடல்ல போய்ப் படுத்துக்கவா?"

அவர் தாளை மடித்துக்கொண்டு வெயிலில் வந்து நின்றார். நடை எப்போதும் தளர்ந்த நடைதான். அன்றைக்குக் கால்களைத் தேய்த்துத் தேய்த்து இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் படகில் என்ஜின் ஓட ஆரம்பித்திருந்தது. முன்கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. அவர் கரையில் செருப்பைக் கழற்றிப்போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் கால் வைத்தார். ஐஸ் அறையின் மூடிமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை ஓடி வந்தார். "மாமா, என்ன இது? எறங்குங்க. உங்களுக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்காதுதான் மாப்ள."

"பின்ன எதுக்கு ஏறினீங்க?"

"நீங்க கெளம்புங்க. நானும் வரேன்."

"வெளையாடாதீங்க மாமா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கான் மாப்ள. நான் கூட்டல." குரல் அதற்குள்ளேயே கம்மிவிட்டது. முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. படகு லேசாகத்தான் ஆடியது.

பக்கத்துப் படகிலிருந்து ஒருவன், "கூட்டல் சாரு மீன் புடிக்கக் கெளம்பிட்டாரு டோய்!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கட்டின படகில் வாந்தி எடுக்கிற ஆள் அவிழ்த்த படகில் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒவ்வொருவனும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கணக்கில் கழிக்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அவர் முகத்தையும் வெறும் பாதங்களையும் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் என்ஜினை நிறுத்தினார். "கயித்தக் கட்டுங்கடா" என்றார், யாரையும் பார்க்காமல். "மாமா, கட்டியாச்சு. எறங்கி வாங்க, வீட்ல விட்டுட்டு வரேன்."

அவர் இறங்கவில்லை. மற்ற படகுகளின் என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, மடித்த பிளாஸ்டிக் பையை எடுத்து, ஊதிப் பிரித்து, மடியில் வைத்து அதன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டார்; பிடித்தபடியே அடுத்த படகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.