மாவுக்கு வாங்கிய ஹீட்டர்

கொடைக்கானல் குளிரில் இட்லி மாவு பொங்காது. தை மாதத்தில் சாயங்காலம் ஆட்டி வைத்தால், மறுநாள் காலையிலும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவள். முருகனைக் கும்பிட வருகிற சனத்துக்கு இட்லி அவித்துப் போட்ட குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி மேலே வந்த முதல் குளிர்காலத்தில் நான் அவித்த இட்லியை என் நாத்தனார் சுவரில் எறிந்து, பந்து மாதிரித் திரும்பி வருகிறதா என்று பார்த்தாள். அப்போது அவள் பாவாடை கட்டிய பிள்ளை. வந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

நானும் விடவில்லை. மாவுப் பானையைக் கோணிச்சாக்கில் சுற்றி, மேலே கம்பளி போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நாளில் மாவு என் பேச்சைக் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் காபிக்கடை வைத்திருந்தார். எந்தக் குளிரிலும் அங்கே போனால் நல்ல இட்லி கிடைக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நாத்தனாருக்கு மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம், எங்கள் வீட்டிலேயே கல்யாணம் என்று பேச்சு. எல்லாம் முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தார்.

"மேல வச்சு கல்யாணம்னா காலைப் பலகாரத்துக்கு என்ன போடுவீங்க? அங்க மாவே பொங்காதுன்னு சொல்றாக. ரொட்டியும் பன்னும் குடுத்தா எங்க சனம் சிரிக்குமே."

எங்கள் பக்கத்து ஆட்கள் உப்புமா, கேசரி என்று இழுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இட்லிதாங்கம்மா போடுவோம். நீங்க கீழ திங்கிறதவிடப் பூவா இருக்கும். இல்லைன்னா அன்னைக்கோட நான் இட்லிச் சட்டியத் தொடலை" என்றேன்.

நாத்தனார் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "ஏன் மதினி, ஒங்க வீராப்புக்கு என் கல்யாணந்தான் கெடச்சுதா? இட்லி கல்லாப் போச்சுன்னா ஒங்களுக்கு ஒருநாள் பேச்சு. எனக்கு? அந்தம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காமிக்கும்."

அவள் கண் கலங்கியிருந்தது. பேசியது நான், அந்த மாமியாரோடு குடித்தனம் பண்ணப்போவது அவள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைக்கு ஒரு பானை மாவு போதும். கல்யாணத்துக்கு இரண்டு அண்டா வேண்டும். அண்டாவை அடுப்புப் பக்கம் வைக்க முடியாது. அங்கே கல்யாணச் சமையல் நடக்கும். பின்கட்டில் சாமான் போடுகிற அறை ஒன்று காலியாக இருந்தது. அதில் நின்றால் பேசும்போது வாயிலிருந்து புகை வரும். கரிக்கணப்பு வைத்துப் பார்த்தேன். மாவில் கரி வாசம் ஏறிவிட்டது. "பங்களாக்கள்ல வச்சிருக்காங்களே கரண்டு ஹீட்டர், அது ஒன்னு வாங்குங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மனுசனுக்கே இல்ல, மாவுக்கு ஹீட்டரா?" என்று கேட்டார். மூன்று நாள் கேட்டுவிட்டு நான்காம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஏரிக்கு மேல்பக்கம் ஒரு பங்களாவில் இருந்த துரைசாணி தன் தேசத்துக்குத் திரும்பப் போகிறாள் என்று வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு ஹீட்டர் இருந்தன. ஒன்று தாம்பாளம் மாதிரி செம்புத் தட்டு. நடுவில் கம்பி சிவந்தால் தட்டு முழுக்கச் சூரியன் உதித்த மாதிரி சொலிக்கும். இன்னொன்று கறுத்த தகரப்பெட்டி. மேலே வரிசையாக ஓட்டை. உள்ளே கம்பி இருப்பதே தெரியாது. வெளிச்சமும் வராது.

வீட்டுக்காரர் செம்புத் தட்டின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "இதுதான். பாரு, என்னா லெச்சணம்!"

நான் ஒரு பையில் இரண்டு தூக்குச்சட்டி கொண்டுபோயிருந்தேன். இரண்டிலும் மாவு. முதல்நாளே ஆட்டி, பொங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாவு.

துரைசாணி பார்த்துவிட்டாள். அவள் வேதப்புத்தகம் படித்துத் தமிழ் கற்றவள். "மகளே, நீ கொண்டுவந்திருக்கிறது என்ன?" என்றாள்.

"மாவுங்கம்மா."

"அது எதற்கு?"

"ஹீட்டர் மாவுக்குத்தாங்க. எது வேணும்னு அதுகிட்டத்தான கேக்கணும்?"

வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துரைசாணிக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன அறைகளில் அறைக்கு ஒரு ஹீட்டரை மாட்டி, ஒரு சட்டியை வைத்து, கதவைச் சாத்தினாள். நான் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என்ன அவசரம்? சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும், கோட்டுப் போட்டவர்கள் உட்பட, நான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார்கள். மாவுக்காக என்றேன்.

மத்தியானம் கதவைத் திறந்தோம். செம்புத் தட்டு பார்த்த பக்கத்தில் மாவு காய்ந்து ஏடு கட்டி, ஓரத்தில் தோசையாகவே ஆகியிருந்தது. சட்டியின் மறுபக்கம் சில்லென்று கிடந்தது. கறுப்புப் பெட்டி இருந்த அறையில் காலை வைத்ததுமே பழனி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மூலைக்கு மூலை ஒரே சூடு. சட்டியின் மூடியை மாவு தூக்கிக்கொண்டு நின்றது.

"மாவு சொல்லிவிட்டது" என்றாள் துரைசாணி.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான்தான் இறங்கினேன். வீட்டுக்காரர் தள்ளி நடந்தார். வீட்டில் மாட்டியதும் பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் எட்டிப் பார்த்து, "எரியவே இல்லையே, கெட்டுப்போனத ஒங்க தலையில கட்டிட்டாளோ?" என்றது. கையைப் பெட்டிக்கு மேலே காட்டச் சொன்னேன். காட்டியவர்கள் அதற்குப்பிறகு கையை எடுக்கவில்லை. ஒயர்மேன் வந்து அதற்கென்று தடித்த ஒயர் இழுத்து, பெரிய பிளக் வைத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே ஆட்டி முடித்து, இரண்டு அண்டாவையும் அறையில் இறக்கி, பெட்டியைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். யாரும் திறக்கக் கூடாது என்று வீடு முழுக்கச் சொன்னேன். பொழுது சாய மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாவம், பல்லோடு பல் அடித்தது. கூடத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, முன்பக்கம் வெந்து பின்பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

காபி கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு வருகிறேன், மாவு அறைக் கதவு கொஞ்சம் திறந்து கிடக்கிறது. 

"எந்தக் கழுத கதவத் தெறந்து போட்டது? மாவு வெறைச்சுப் போகுமே!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தேன்.

சம்பந்தியம்மா இரண்டு அண்டாவுக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கச்சிகள் இரண்டு பேர். எனக்குப் பின்னால் வந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நிலையில் சாய்ந்துவிட்டாள். கழுதை என்று சொன்ன வாயை என்ன செய்வது?

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, கத்துறத உள்ள வந்து கத்து. கதவச் சாத்து மொதல்ல. நீதான் குளிரக் கூட்டிக்கிட்டு வார."

சாத்தினேன்.  தங்கச்சிகளில் ஒருத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான், எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப்பிறகு அந்த அறைக்கு நான் அதிகாரி இல்லை. சாப்பாடு உள்ளேயே போயிற்று. படுக்கையும் உள்ளேயே. மாப்பிள்ளையே அம்மாவிடம் ஏதோ கேட்க வந்து கதவைத் தள்ளினபோது, "ஏலே, மாவு கெடக்கு, வெளிய நின்னு பேசு!" என்று விரட்டிவிட்டார்.

மறுநாள் வெள்ளனே, விடியும் முன்பே, நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து ஒரே கூப்பாடு.

"ஏத்தா! வெரசா வா! மாவு பொங்கி என் சேலையில வழியுது!"

ஓடினேன். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு அண்டா விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா இரண்டு கையாலும் அதை அணைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கென்று கட்டியிருந்த சேலையில் முழங்கால்வரை மாவு. முகத்திலோ கோபம் கொஞ்சம்கூட இல்லை.

பந்தியில் ஈடு ஈடாக இட்லி போயிற்று. அய்யம்பாளையத்துப் பெரியவர் ஒருவர் இட்லியைப் பிட்டு விரலால் அழுத்திப் பார்த்து, "குளிர் ஊருன்னாக. இவ்வளவு மெத்துன்னு எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டார்.

"பின்ன? ராத்திரி பூராவும் நானுல்ல பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன்" என்றார் சம்பந்தியம்மா.

 மணப்பெண், தாலி ஏறாத கழுத்தோடு, மாமியார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சம்பந்தியம்மா இலையில் இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.