இருபது நாள் கணவரும் ஒரு சிலிக்கன் தகடும்

எங்கள் கல்யாணம் தலைநகரில், கொட்டாஞ்சேனையில் நடந்தது. இருபது நாள் சேர்ந்திருந்தோம். அதில் பாதி விருந்துச் சாப்பாட்டிலும், வெளியூர்த் தமிழருக்குக் கட்டாயமான பொலிஸ் பதிவிலும் போய்விட்டது. பிறகு அவர் பௌதிக ஆராய்ச்சிக்காகக் குளிர் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். சண்டையால் என் ஊரான யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம். நான் தலைநகரிலேயே, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து விசாவுக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கொமினிகேஷன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வியர்க்க வியர்க்க நின்று அவரோடு பேசுவேன். மனுசன் கதைப்பதெல்லாம் ஒரு சிலிக்கன் தகட்டைப் பற்றித்தான். தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லியதாம். இடியப்பத் தட்டுப்போல வரிசை வரிசையாக ஓட்டைகளாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதற்குள் அகப்பட்டு நிற்குமாம்.

"கொஞ்சம் சூடேறினாலும் அது பிடிச்சு வைக்கிற ஒளியின்ரை அலைநீளம் கூடிப்போகுமப்பா. தகடு அந்தரத்திலை நிக்குது, சூடு வெளியிலை போக வழி குறைவு. ஒளியைக் கூட விட்டால் அந்த ஒளியே சூடாக்கிப்போடும். ஒவ்வொரு பாகைச் சூட்டிலும் அது அடங்குமட்டும் காத்திருந்துதான் அளக்கோணும்."

"தகட்டுக்குக் காத்திருங்கோ. நான் இஞ்சை அவிஞ்சு சாகிறன்" என்று ஒருநாள் சீறினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன். அதற்காகவே அடுத்த கிழமையும் தகட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எல்லாம் பாடமாகிவிட்டது.

தூதரகத்தில் நேர்முகம் வந்தது. வெள்ளவத்தையில் என் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் விசாவுக்கு நிற்பவர்கள். மறுமொழிகளைப் பாடமாக்குவதுதான் அங்கே பொழுதுபோக்கு.

"ஆராய்ச்சி கீராய்ச்சி எண்டு உளறாதை. குறுக்குக் கேள்வி கேப்பினம். இஞ்சினியர் எண்டு சொல்லு, அலுவல் முடிஞ்சுது" என்றார், மூன்று முறை நேர்முகத்துக்குப் போய்வந்த ஓர் அக்கா. மூன்று முறையும் விசா கிடைக்காதவர் அவர் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கணவர் என்ன செய்கிறார் என்று அதிகாரி கேட்டார். இஞ்சினியர் என்றேன். என்ன இஞ்சினியர் என்றார். மறுபடியும் இஞ்சினியர் என்றேன். அவர் கையிலிருந்த விண்ணப்பத்தில் ஆராய்ச்சி மாணவர் என்று எழுதியிருந்தது. கணவரைப் பற்றித் தெரியாத மனைவி, விசா இல்லை என்று கடிதம் வந்தது.

அந்த ஞாயிறு அவருக்கு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"தகட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே. உமக்கு வடிவாத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும். உங்களைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான். அதையும் நான் சொல்லேல்லை."

அப்போதுதான் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி, "எனக்கு இஞ்சை தனிய இருந்து சாப்பிட ஏலாமக் கிடக்கப்பா" என்றார்.