பிலோமினா அக்காவின் மங்கு

மாத்தளை பஸ் நிலையச் சுவரில் அந்த மரண அறிவித்தலைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘யாரோ பளிச்சென்று ஒரு அம்மா, பாவம்’ என்று நினைத்தபடி இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மரக்கறிக் கடைக்காரர் மனைவிதான், “டீச்சர், நம்ம ஸ்டூடியோ பிலோமினாக்கா போயிட்டாங்களே. அந்தா, செவுத்துல ஒட்டியிருக்காங்க, பாக்கலியா?” என்றார். இறங்கி ஓடிவந்து மறுபடியும் பார்த்தேன். பெயர் அவருடையதுதான். முகம்தான் எனக்குத் தெரியாத யாருடையதோ. இத்தனை வருடம் பழகியவளுக்கு ஒரு சாவு நோட்டீஸில் அவரை அடையாளம் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவை இந்த ஊரில் தெரியாதவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து நம் எல்லாருடைய முகத்தையும் திருத்தியவர் அவர். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, ஒட்டிய கன்னம், எல்லாம் அவர் கைக்கு அடங்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பெண்கள் “அக்கா, கொஞ்சம் வெள்ளையா” என்பார்கள். “கொஞ்சம்னா எவ்வளவு? ஒங்க ஊட்டு ஆளுங்களுக்கே தெரியாம போற அளவுக்கா?” என்று கேட்டுவிட்டு, செய்தும் கொடுப்பார்.

எனக்கு மேலுதடு பிறவியிலேயே பிளந்து, பிறகு தைத்தது. தழும்பு மூக்கு வரை ஏறும். கல்யாணத் தரகரிடம் கொடுக்கப் படம் எடுக்கப் போனபோது, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் உதட்டைத் திரையில் பெரிதாக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “சும்மா இருங்க டீச்சர், நான் பாக்காத மூஞ்சியா?” என்றவர், தழும்பைத் துளித்துளியாக மூடினார். முடித்ததும் இரண்டு வகைப் படங்களை ஒரே கவரில் போட்டார். “மாத்தினது மாப்பிள்ளைக்கு. அசல் ஒங்களுக்கு. அசல நான் யாருக்கும் அழிக்க மாட்டேன்” என்றார். அது அவர் வழக்கம்.

மாப்பிள்ளை வீட்டார் பல்லேபொலயிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வடை சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் போய் அக்காவிடம் சண்டை போட்டேன். “நான் ஒங்க ஒதட்டத்தான் தைச்சேன் டீச்சர். அவங்க கண்ண என்னால தைக்க முடியுமா?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

அதோடு விட்டேனா? பழைய அடையாள அட்டை தொலைந்து புதிதாக விண்ணப்பித்தபோது, கவரில் இருந்த சின்னப் படங்களில் திருத்தியதைத்தான் எடுத்து ஒட்டினேன். ஒரு அட்டையிலாவது நல்ல வாயோடு இருந்துவிட்டுப் போகிறேனே என்ற ஆசை.

பாதையெல்லாம் சோதனைச் சாவடியாக இருந்த யுத்த காலம் அது. தம்புள்ளையில் இருந்த தங்கையைப் பார்க்கப் போன அன்று பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் அட்டையை வாங்கிய சிப்பாய் என் வாயையே பார்த்தான். “மே கவுத?” என்றான். இது யார் என்று கேட்கிறான். நான்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. தமிழ்ப் பெயர், வேறு முகம், அவனுக்கு அது போதும். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பொலிஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த நாட்களில் அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது என் வாயில் வந்தது ஸ்டூடியோ நம்பர்தான்.

அக்கா லொறியொன்றில் இடம் கேட்டு ஏறி வந்து சேர்ந்தார். பெரிதாக அச்சடித்த என் அசல் படத்தை அதிகாரியின் மேசையில் விரித்தார். “தழும்ப அழிச்சது நான் சேர். ரெண்டையும் ஒரே கவர்ல போட்டதும் நான்தான். இவங்க மேல தப்பில்ல” என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் உதட்டைப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் என்னை வெளியே விட்டது அந்தத் தழும்புதான். வரும் வழியில் அக்கா சொன்னார்: “இனி ஐ.டி.க்கு அசல்தான் டீச்சர். அழகு பாக்கவா அவன் கேக்குறான்?”

சாவு வீட்டில் அவர் மகளிடம் போஸ்டர் படத்தைப் பற்றிக் கேட்டேன். “அம்மாவே போன மாசம் திருத்தி வச்சது டீச்சர். ‘இதத்தான் போடணும்’னு சொல்லிட்டாங்க.” அசல் இருக்குமே, கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். “தேடிட்டேன். அம்மா அவங்களோடத மட்டும் அழிச்சிட்டாங்க.”

பெட்டியில் கிடந்த முகத்துக்கும் யாரோ கனமாகப் பவுடர் பூசியிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எப்போதும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் திரையைப் பார்ப்பார். யோசிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவருக்கு இரண்டு கன்னத்திலும் கருத்த மங்கு. அதை மறைக்கத்தான் அந்தக் கை. என் உதட்டைப் பற்றியே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த எனக்கு, எதிரே இருந்தவருக்கும் ஒரு முகம் உண்டு, அதற்கும் கூச்சம் உண்டு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. “உங்கள் முகம் எனக்குப் பிடிக்கும் அக்கா” என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சீ, அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

அவர் காப்பாற்றி வைத்த என் அசல் முகம் இன்று என் அடையாள அட்டையில் இருக்கிறது. அவருடைய அசலைக் காப்பாற்ற யாரும் இருக்கவில்லை. அதனால் நான் வைத்திருப்பதை இங்கே எழுதுகிறேன். மங்கு இரண்டு கன்னத்திலும் இருந்தது. இடது பக்கத்தில் பெரியது. சிரித்தால் அது ஏறிக் கண்ணைத் தொடும். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. சுவரில் இருக்கிற படத்தைக் காட்டி “மே கவுத?” என்று யாராவது கேட்டால், நான் என்ன சொல்லி உங்களை வெளியே கூட்டிவருவேன்?