ஐந்தடிக் குளத்துக்கு ஒரு நங்கூர இயந்திரம்

இலங்கை மலைநாட்டில், றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சின் டிரைவராக இருந்தவர் வீரய்யா. முப்பத்தெட்டு வயதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் 1953இல், படகு நங்கூரத்தைக் கரண்டில் தூக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

படகு தோட்டத்துத் துரையுடையது. யுத்தகாலத்தில் கடற்படையில் இருந்த மனுஷர். தொழிற்சாலை டர்பைனுக்குத் தண்ணீர் விடும் குளத்தில் அதை மிதக்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நடுக்குளத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். குளத்தின் ஆழம் ஐந்தடி. ஆனாலும் படகு நின்றால் நங்கூரம் இறங்கியே ஆகவேண்டும் என்பது அவர் சட்டம். இறக்குவது சுலபம், தூக்கும்போதுதான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறை பிடித்தபோது வீரய்யாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, சீமையிலிருந்து வந்த மூன்று விலைப்பட்டியல் புத்தகங்களைக் கையில் கொடுத்தார்.

"நல்லதா ஒன்னு பாரு, வீரய்யா. அவசரம் வேணாம்."

வீரய்யா அவசரப்படவேயில்லை. நாலு மாதம் எடுத்துக்கொண்டார். புத்தகத்திலிருந்த இங்கிலீஷைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் தம்பு வாசித்துச் சொன்னார். தம்பு யாழ்ப்பாணக் கடலோரத்து ஊர்காவற்றுறைக்காரர் என்பதால், கடல் சங்கதி எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று வீரய்யா நம்பினார். நங்கூரத்துக்குக் கயிறு நல்லதா சங்கிலி நல்லதா என்று கேட்டபோது தம்பு புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குக் கடலெண்டாலே தலை சுத்தும், வீரய்யா. அதாலதான் இவ்வளவு உயரத்தில உத்தியோகம் எடுத்தனான்."

ஆகவே வீரய்யா தானே கணக்குப் போட்டார். நங்கூரம், சங்கிலி இரண்டின் எடையையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் வருவதே இயந்திரத்தின் இழுவையாக இருக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. இரண்டையும் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டார். நங்கூரம் இருபத்தெட்டு றாத்தல். சங்கிலி தொண்ணூறு றாத்தல். துரை அதை நூற்றிருபது அடி நீளத்துக்கு வாங்கியிருந்தார். அன்று கொழுந்தோடு வரிசையில் காத்திருந்த வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமி, முதுகில் கூடையோடு இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க தெனம் நாப்பது றாத்தல் சொமக்குறோம். இருவத்தெட்டு றாத்தல் இரும்புக்கு மெஷினாங்க?"

சங்கிலியை அவள் சேர்க்கவில்லை என்று வீரய்யா பொறுமையாகச் சுட்டிக்காட்டினார்.

கணக்குப்படி முந்நூற்றைம்பத்துநாலு றாத்தல் வந்தது. இருநூறு இழுப்பது போதாது, தொள்ளாயிரம் இழுப்பது கப்பலுக்கானது என்று, நானூறு றாத்தல் இயந்திரத்தில் விரல் வைத்தார். சங்கிலியின் கண்ணி பல்சக்கரத்தில் உட்காராவிட்டால் வழுக்கும் என்பதால், ஒவ்வொரு கண்ணியாக அளந்து குறித்துக்கொண்டார். கம்பெனி ஒரு கேள்விப் படிவமும் அனுப்பியிருந்தது. கடலின் அடித்தளம் எப்படி என்ற கேள்விக்குச் சேறு என்று தம்புவை எழுதவைத்தார். அலையேற்றம் எவ்வளவு என்பதற்கு, தென்மேற்கு மழையில் ஆறு அங்குலம். கம்பெனி நன்றி தெரிவித்து, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு டின் பெயின்டும் சேர்த்து அனுப்பியது.

இயந்திரம் வந்தது. படகின் மூக்குப் பலகைக்கு அடியில் தேக்குக்கட்டை கொடுத்து வீரய்யா அதை போல்ட் போட்டு முடுக்கினார். கரண்டுக்கு ஒரு லொறி பட்டறியைப் பின்பக்கம் வைத்து, தடித்த வயர் இழுத்தார். எல்லாம் புத்தகத்தில் சொன்னபடியே.

முதல் ஞாயிறு துரையும் அவரும் ஏறினார்கள். கரையில் பாதித் தோட்டம் நின்றது. நங்கூரம் இறங்கியது. துரை பேப்பரை ஒரு பக்கம் படித்தார். பிறகு தலையசைக்க, வீரய்யா சுவிட்சை அமுக்கினார்.

சங்கிலி இழுபட்டது. படகின் மூக்கு மெல்லக் குனிந்தது. நங்கூரத்தின் கொக்கி எதிலோ மாட்டியிருப்பது வீரய்யாவுக்குப் புரிந்தது. ஆனால் இயந்திரம் திணறாமல் இழுத்த அழகில் விரலை எடுக்க மனம் வரவில்லை. அடியில் ஏதோ பெயர்ந்தது. படகு நிமிர்ந்தது. நங்கூரம் மேலே வந்தபோது, குளத்தை வடித்துக் கழுவுவதற்காக அடியில் வைத்திருந்த மடையின் அடைப்புப் பலகையும் இரும்பு வளையத்தோடு அதில் தொங்கியது.

குளம் வடிய முக்கால் மணி நேரம் ஆனது. துரையும் வீரய்யாவும் படகோடு சேர்ந்து கீழே இறங்கினார்கள். கடைசியில் படகு சேற்றில் உட்கார்ந்தது. துரை பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சங்கிலி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நல்ல மெஷின்," என்றார்.

அந்த இரண்டு சொல்லை வீரய்யா பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நாகலெட்சுமியிடம் மட்டும் சொன்னார். டர்பைன் மூன்று நாள் நின்றது. அடுத்த வருஷம் துரை சீமைக்குத் திரும்பும்போது படகை விற்றுவிட்டார். இயந்திரத்தை வாங்க ஆளில்லை. வீரய்யா அதைக் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் பொருத்தினார். சாக்குகள் படியேறாமல் மேலே போயின.

1958இல், அண்ணன் மகள் கலியாணத்துக்காக இந்தியா போக, தலைமன்னாரில் அவர் கப்பலேறினார். மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, வீரய்யா முன்தளத்துக்குப் போய், நங்கூரம் தூக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றார். அது இன்னும் நீராவியில்தான் ஓடியது. அவருக்குப் பரிதாபமாக இருந்தது.

"எங்ககிட்ட கரண்டுல ஓடுதுங்க," என்றார், எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த கப்பல்காரரிடம்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, எந்தத் துறைமுகம் என்று விசாரித்தார்.

"றொசல்லங்க."

கப்பல்காரர் அந்தப் பக்கம் இன்னும் போனதில்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.